கடைசி அலசல்

ஐப்பசி நடுவில் ரேடியோ தாழமுக்கம் என்றது.
அன்று தொடங்கி
கோண்டாவில் றோட்டில் ஒரு காரும்
என் கேற்றுப் பக்கம் திரும்பவில்லை.
வானம் சும்மா கழுவித் தரும்போது
இரண்டாயிரம் குடுத்து நுரை அடிக்க
ஆருக்கு விசர்?

பிரஷர் மெஷினுக்கு லீசிங்
மாதம் இருபத்தெட்டாம் திகதி.
அதுக்கு மழை தெரியாது.
கறன்ட் பில்லுக்கும் தெரியாது.
றெஜினோல்டுக்குத் தெரியும்:
பாஷையூரில் அவன் தகப்பனின் வள்ளமும்
இதே தாழமுக்கத்தில் கரையில்தான் கிடந்தது.
பாதிச் சம்பளம் தரட்டோ என்றேன்.
“முழுசையும் கடனா எழுதுங்கோ அக்கா,
பாதி எண்டால் மற்றப் பாதி மறந்துபோம்.”
எழுதினேன். கொப்பியில், சிவப்புப் பேனையால்.

முதல் கிழமை
சுத்தமாய் இருந்ததையே சுத்தமாக்கினோம்.
நீலத்துணி கண்ணாடிக்கு, மஞ்சள் சில்லுக்கு,
வெள்ளை இன்னும் ஒன்றுக்கும் இல்லை.

பிறகு ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டேன்:
உள்ளுக்கு மணக்குதோ?

மணந்ததாம்.
உப அதிபரின் அல்ரோவில்
கால்மிதியில் காளான் முளைத்திருந்தது.
வெள்ளத்தில் நின்ற வான் ஒன்று
கதவைத் திறக்கத் தவளையை இறக்கிவிட்டது.
சீற்றைக் கழற்றினால் ஒரு குடும்பமே கிடக்கும்:
முறிந்த கிறேயன், திருநீற்றுச் சரை,
மந்திகை ஆஸ்பத்திரித் துண்டு,
எவருமே தேடாத ஒற்றைச் சொக்ஸ்.
எல்லாம் ஒரு பையில் கட்டிக் குடுப்பம்.
ஒருவர் பைக்குள் இருந்த தோட்டைப் பார்த்தார்.
“இது எங்கட இல்லை” என்றார்.
என்றுவிட்டுச் சேர்ட் பொக்கற்றில் போட்டார்.

ஆனால் அந்த மாதங்களில்
வெளியும் மினுங்கவேணும் என்று வந்தது
சிற்றம்பலம் மலர்ச்சாலையின்
கறுப்பு வண்டி மட்டும்தான்.
கிழமைக்கு இரண்டு தரம், சிலவேளை மூன்று.
பனி இறங்கினால் நெஞ்சுச்சளி, பிறகு தந்தி மாதிரி போன்.
சாரதி தெய்வேந்திரம் ஒன்றும் சொல்லார்,
நானும் கேட்பதில்லை.
சில்லே சொல்லிவிடும்:
செம்மண் என்றால் உரும்பிராய்ப் பக்கம்,
வெண்மணல் என்றால் வடமராட்சி,
உப்புச்சேறு என்றால் நாவற்குழிக்கு அங்கால்.

மார்கழியில் ஒன்பது தரம் வந்தது.
கறன்ட் பில் அதில்தான் கட்டினேன்.
ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை.
கேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எதை எதிர்பார்க்கிறேன் என்று விளங்கியதும்
எழும்பிப்போய், துடைத்த மோட்டரை
இன்னொருக்கால் துடைத்தேன்.

எங்கட கிணறு சுண்ணாம்புக் கிணறு.
வெயிலில் காய்ந்தால் கறுப்புப் பெயின்ரில்
வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டு விழும்,
வக்ஸ் போட்டாலும் விடாது.
அதால் பீலிக்குக் கீழே நாலு நீலப் பரல்.
தொழிலைக் கெடுத்த அதே மழையை
மூடி போட்டு வைத்திருந்தேன்,
கடைசி அலசலுக்கு.
மழைத்தண்ணி பொட்டு வைக்காது.

தை பிறந்தது. முதல் முகூர்த்தத்துக்கு முதல்நாள்
ஒரு வெள்ளைக் கார், பொம்பிளை ஏறுகிற கார்.
அதுக்குப் பின்னாலேயே தெய்வேந்திரம்.
மிச்சம் ஒரு பரல்.
மாப்பிள்ளையின் தம்பி,
ரொறன்ரோவில் இருந்து மூன்று நாளுக்கு முதல் வந்தவன்,
“நாங்கள்தானே முதல் வந்தனாங்கள்?” என்றான்.
“வெள்ளையில் பொட்டுத் தெரியாது தம்பி.”
கிணற்றுக் குழாயை அவன் காருக்குத் திருப்பினேன்.
பரல் தண்ணி கறுப்பில் வழிந்தது.
வண்டியின் பக்கத்தில் வானம் ஒருக்கால் தெரிந்தது,
முகிலில்லாமல்.

றெஜினோல்ட் பரலைக் கவிழ்த்து
அடியில் நின்ற இரண்டு கை தண்ணியில்
முகம் கழுவினான்.
பிறகு ஈரக்கையோடு வந்து நின்றான்.
“அக்கா, கொப்பி.”

ஐப்பசியை வெட்டினேன்.
மார்கழியையும் வெட்டினேன்.
கார்த்திகை இன்னும்
சிவப்பில் நிற்கிறது.